சாரல்குடியின் தங்கல் வரி

அருவியில் நீர் விழத் தொடங்கிவிட்டால் சாரல்குடி மன்னர் மாறவேளுக்குத் தூக்கம் போய்விடும். நீரின் ஓசையால் அன்று. அரண்மனை வாசலில் எழும் கூச்சலால். அருவியாட வரும் வெளியூரார் அங்குள்ள வீடுகளில் அறை எடுத்துத் தங்குவார்கள். பாதைகளையும் படித்துறைகளையும் செப்பனிடுவதற்காக, அப்படித் தங்குவோர் தலைக்கு, இரவுக்கு அரைப்பணம் தங்கல் வரி கட்ட வேண்டும் என்று மன்னர் விதித்திருந்தார். நியாயமான வரிதான். ஆனால் வீட்டுக்காரர்கள் அதை எப்போது வாய் திறந்து சொன்னார்கள்? விருந்தினர் குளித்து, உண்டு, உறங்கி, ஊருக்குப் புறப்பட வண்டியில் கால் வைக்கும்போது. வாடகை பேசிய அன்று இல்லாத வரி இன்று எங்கிருந்து முளைத்தது என்று அவர்கள் மல்லுக்கு நிற்பார்கள். தெருவில் தொடங்கிய சண்டை விடியற்காலையில் மன்னரின் சன்னலுக்கு அடியில் வந்து முடியும்.

வரித் தலைவர் ஏகாம்பரர் இதற்கு ஒரு வழி சொன்னார். வீடுகளில் ஆள் தங்கவைப்பதையே தடுத்துவிட்டு, வருவோர் அனைவரையும் ஊர்க்கோடியிலுள்ள பெரிய விடுதிக்கு அனுப்பிவிடலாமாம். அந்த விடுதி தம் மைத்துனருக்குச் சொந்தமானது என்பதைச் சொல்ல மட்டும் அவருக்கு மறந்துபோயிற்று. அவையின் விகடர் அளகேசர் எழுந்து, இந்தப் பருவத்து வாடகையை நம்பித்தான் பல வீடுகளில் ஆண்டு முழுதும் அடுப்பு எரிகிறது என்றார்.

தூக்கமில்லாத மன்னருக்குப் பொறுமையும் இல்லை. "அப்படியானால் நீரே பார்த்துக்கொள்ளும். இனி ஒரு விருந்தினரும் வரி கட்டாமல் போகக்கூடாது. கட்டும்போது ஒருவரும் முணுமுணுக்கவும் கூடாது. ஒருவர் தவறினாலும் வீடுகளை அடைத்துவிடுவேன். உம்முடைய இருக்கை ஏகாம்பரரின் மைத்துனருக்குப் போகும்."

வரி கேட்டால் முணுமுணுக்காத மனிதப்பிறவி உண்டா என்று அவை சிரித்தது. அளகேசர் மட்டும் சிரிக்காமல் வணங்கிவிட்டுப் போனார்.

அவர் மந்திரம் ஒன்றும் செய்யவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, விருந்தினர் மூட்டையை இறக்கும் முன்பே வாடகையோடு வரியையும் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். பால்குடிக் குழந்தைக்கு வரி இல்லை. அரச அலுவலாக வருவோருக்கும் இல்லை. ஆனால் அவர்கள் வந்தவுடனேயே முத்திரையைக் காட்டிவிட வேண்டும். கட்டியவர் அடையாள வில்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டால் மறுபடி யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. இவ்வளவுதான். முன்கூட்டியே தெரிந்த செலவுக்கு எவரும் முகம் சுளிக்கவில்லை. அரண்மனை வாசல் அமைதியாயிற்று. மன்னர் பொழுது விடிந்தபின்னும் குறட்டை விட்டார்.

ஏகாம்பரருக்குத்தான் உறக்கம் போயிற்று. மக்கள் அஞ்சி வாய்மூடிக் கிடக்கிறார்கள், உண்மையை அறிய மாறுவேடமே வழி என்று மன்னரின் காதில் ஓதினார். வேடம் என்றால் மன்னருக்குக் கரும்பு. மறுநாள் மாலையே கழுதையின் முதுகில் உப்பு மூட்டையை ஏற்றிக்கொண்டு, பேச்சியம்மாள் என்பவளின் வீட்டில் போய் நின்றார்.

"மூட்டைய எறக்குறதுக்கு முன்னால ஒரு சேதி கேட்டுக்கிடுங்க ஐயா," என்று தொடங்கினாள் அவள்.

மன்னர் சாரலில் தொப்பலாக நனைந்திருந்தார். உள்ளிருந்து மிளகு ரசத்தின் மணம் வந்தது. எல்லாம் காலையில் பேசிக்கொள்ளலாம் என்று கையை வீசிவிட்டு உள்ளே போய் இலையின் முன் அமர்ந்தார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே வரியைச் சொன்னாள். அப்பளத்தை வைத்துக்கொண்டே மறுபடி சொன்னாள். அப்பளம் நொறுங்கிய ஓசையில் மன்னரின் காதில் ஒன்றும் விழவில்லை.

காலையில் அவள் அரைப்பணம் கேட்டாள். பொய்யாக முணுமுணுத்துப் பார்க்கலாம் என்று வந்தவருக்கு மெய்யாகவே கோபம் வந்துவிட்டது. வாடகை கொடுத்தாயிற்று, இது என்ன புதுக் கொள்ளை என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"இந்த வரியைப் போட்ட அறிவிலி யார்?"

"நம்ம மகராசாதான்யா."

"அவன் அறிவிலிகளுக்கெல்லாம் அரசன்!"

பேச்சியம்மாள் வாதாடவில்லை. கழுதையைத் தூணில் கட்டிவிட்டு, வரியைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போகச் சொன்னாள். மன்னர் வீம்பாக நடந்தே அரண்மனைக்குத் திரும்பினார்.

அவை கூடியதும் அவர் முகமெல்லாம் வெற்றி. ஒரு விருந்தினர் முணுமுணுத்தார், வரியும் கட்டவில்லை, அளகேசர் தோற்றார் என்று அறிவித்தார். ஏகாம்பரர் தம் மைத்துனருக்காக இருக்கையைத் துடைக்கவே தொடங்கிவிட்டார்.

அளகேசர் பணிவாக எழுந்தார். "உண்மைதான், மன்னா. பேச்சியம்மாள் இப்போதுதான் வந்து முறையிட்டாள். ஓர் உப்பு வணிகன் வரியைக் கட்டாததோடு, தங்களை அறிவிலி என்றும் ஏசினானாம். தெருவே சாட்சி. அரசரை ஏசியவனுக்கு நடுத்தெருவில் கசையடி என்பது ஏகாம்பரர் வகுத்த சட்டம். வணிகனைப் பிடித்துவர ஆள் அனுப்பட்டுமா?"

மன்னரின் கை தானாக முதுகைத் தடவிக்கொண்டது. "வேண்டாம், வேண்டாம். வந்தது வணிகன் அல்லன். நான்தான்."

"அப்படியானால் முணுமுணுத்தவர் இந்த ஊருக்கே உரியவர். விருந்தினர் எவரும் முணுமுணுக்கவில்லை. வீடுகள் திறந்தே இருக்கலாம், அல்லவா?"

மன்னர் விழித்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

ஏகாம்பரர் அவ்வளவு எளிதில் விடுபவர் அல்லர். "மன்னர் போனது அரச அலுவலாக. அவருக்கு வரியே கிடையாது. அவரிடம் வரி கேட்டுக் கழுதையைக் கட்டிவைத்த வீட்டை அடைத்தே ஆக வேண்டும்," என்றார்.

"அப்படியா?" என்று அளகேசர் மன்னர் பக்கம் திரும்பினார். "மன்னரை அறிவிலி என்று ஏசியதும் அரச அலுவல்தானா, மன்னா?"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் மடியிலிருந்து அரைப்பணத்தை எடுத்து, அவையறிய, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கட்டினார். பெரிய விடுதியின் ஓராண்டு வருமானத்தை அளகேசருக்குப் பரிசாக எழுதிவைத்தார். அன்று சாரல்குடியில் முணுமுணுத்தவர் ஏகாம்பரரின் மைத்துனர் ஒருவர்தான், அவரோ உள்ளூர்க்காரர்.