கீழத்தெருப் பள்ளிக்கு முழு மார்க்கு

இரண்டு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் மட்டமானதைப் பூட்டிவிடுவதென்று அதிகாரி வந்தார். மேலத்தெருப் பள்ளியைப் பார்த்துவிட்டு, அந்தத் தெருக்காரரான நகராட்சித் தலைவர் தனுஷ்கோடியோடு கீழத்தெருவுக்கு வந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அங்கே பெஞ்சு, இங்கே புழுதி. பூட்டிடலாம் சார்," என்றார் தலைவர்.

பூட்டினால் பிள்ளைகள் லாரி பறக்கும் சாலையைத் தாண்டித்தான் படிக்கப் போகவேண்டும். சத்துணவு சமைக்கும் மாடத்தி அடுப்பை விட்டு எழுந்தாள். கரண்டியோடு வந்தாள்.

"அங்க பெஞ்செல்லாம் எப்படி சார்?"

"அருமை! முழு மார்க்கு போட்டேன்."

"அப்ப அந்த மார்க்கை எங்களுக்குப் போடுங்க சார். ஒரு பெஞ்சைக் கவுத்துப் பாருங்க, கீழத்தெருப் பள்ளின்னு பெயின்ட்டுல எழுதியிருக்கும். நீங்க வர்றீங்கன்னு நேத்து தலைவரய்யா டிராக்டர்ல ஏத்திட்டுப் போனாரு. வருஷா வருஷம் இதே கூத்துதான்!"

அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார். பூட்டும் உத்தரவு அங்கேயே கிழிந்தது.

"கிழிச்சது இருக்கட்டும் சார்," என்றாள் மாடத்தி. "பெஞ்சு வர்ற வரைக்கும் தலைவரய்யாவும் இப்படித் தரையில உக்காரட்டும்."