வெட்டுக்கிளிக்குப் போன அரசாணை

நாட்டின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், மறந்துவிட்டது. முன்னொரு காலத்தில் அதை ஆண்ட வளவதரையனுக்குக் குதிரை என்றால் உயிர். அவனுடைய மேய்ச்சல் புல்வெளியை மழைக்காலம்தோறும் வெட்டுக்கிளிகள் மொட்டையடித்துவிடும்.

ஒருநாள் சபையில் மன்னன் கொதித்தான். "இனி என் ஆணையில்லாமல் இந்நாட்டில் ஒரு வெட்டுக்கிளி முட்டைகூடப் பொரியக் கூடாது!"

லாயத் தலைவர் போத்தரையருக்கு அரசவை விகடக்காரன் தித்தனைக் கண்டாலே வயிறு எரியும். சட்டென்று எழுந்தார். "ஆணையை முட்டைகளிடம் சேர்ப்பிக்கத் தித்தனே தகுந்தவன், பிரபு. முடியாவிட்டால் லாயத்தில் குதிரை லத்தி அள்ளட்டும்."

சபை சிரித்தது. தித்தனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எவர் முன்னும் குனியாத தலையில் லத்திக் கூடையா? "சேர்ப்பிக்கிறேன், மன்னா" என்றான்.

புல்வெளிக்குப் போனான். கடுங்கோடை, தரை வெடித்துக் கிடந்தது. குதிரைத் தொட்டி வழிந்து ஈரம் ஊறிய மூலையில் மட்டும் பொடிப்பொடி வெட்டுக்கிளிக் குஞ்சுகள் துள்ளின. காய்ந்த இடத்தைக் கிளறினான். முட்டைகள் அப்படியே கிடந்தன. தித்தன் மீசையை முறுக்கிக்கொண்டான்.

மறுநாளே வாய்க்காலைத் திறந்து புல்வெளியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் நீர் பாய்ச்சத் தொடங்கினான்.

"இதென்ன கூத்து?" என்றார் போத்தரையர்.

"முட்டைகளுக்கு ஓலை படிக்கத் தெரியாது, ஐயா. ஆணையைத் தண்ணீரில் கரைத்து அனுப்புகிறேன்."

சில வாரங்களில் கீழ்ப்பாதி முழுக்கக் குஞ்சுகள் துள்ளின. போத்தரையர் மன்னனைக் கையோடு அழைத்து வந்தார். "பாருங்கள் பிரபு, தங்கள் ஆணையை மீறிப் பொரிந்துவிட்டன!"

"மீறவில்லை" என்றான் தித்தன். "பொரியுங்கள் என்று தங்கள் பெயரால் ஆணை போயிற்று, பொரிந்தன. மேற்பாதிக்கு அனுப்பவில்லை. தோண்டச் சொல்லுங்கள்."

தோண்டினார்கள். ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. மன்னனுக்குப் பெருமை தாங்கவில்லை. "மண்ணுக்குள் இருப்பதுகூட என் சொல் கேட்கிறதே!"

"பிறந்தவை புல்லைத் தின்னுமே?" போத்தரையர் விடவில்லை.

தித்தன் கைதட்டினான். காத்திருந்த ஆட்கள் கூடைகளைத் திறக்க, அரண்மனைக் கோழிகள் அத்தனையும் பாய்ந்தன. "மழைக்காலத்தில் பொரிந்தால் உயர்ந்த புல்லில் ஒளிந்துகொள்ளும். இப்போது எங்கே ஒளியும்? இறகும் முளைக்கவில்லை." பொழுது சாய்வதற்குள் கீழ்ப்பாதி துப்புரவானது.

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துச்சரத்தைக் கழற்றித் தித்தனின் தலைப்பாகையில் சுற்றினான். "வரும் மழைக்குப் புல் நம் குதிரைகளுக்குத்தான்! மேற்பாதிக்கும் ஆணை போகட்டும். அங்கே வாய்க்கால் ஏறாதே... போத்தரையரே, குடத்தை எடும்!"

போத்தரையர் தலையில் குடம் ஏறியது. அரசாணையாயிற்றே, ஒரு சொட்டும் சிந்தக் கூடாதென்று தித்தன் நிமிர்ந்த தலையோடு பின்னாலேயே நடந்தான்.