செங்கமலம் சேத்துல உக்காந்த கதை

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு செங்கமலம். காவேரிக் கரையில ஊர், கரைக்குப் பக்கத்துலயே வீடு. புருஷன் பேரு மருதமுத்து. சாதுவான மனுஷன்.

இந்தச் செங்கமலத்துக்கு நடந்தா குடுகுடுன்னு நடை. சிரிச்சா கெக்கெக்கேன்னு சிரிப்பு, எதிர்க்கரையில துணி துவைக்கிறவங்களுக்கே கேக்கும். புடவையை எப்படியோ சுத்திக்குவா, மத்தியானத்துக்குள்ள பாதி கொசுவம் கீழ கிடக்கும்.

ம் சொல்றியா?

"ம்."

அப்போ ஒரு கல்யாணத்துல பந்தி நடக்குது. செங்கமலம் குடுகுடுன்னு இலைக்கு ஓடினா. யாரோ ஒரு அம்மா, "யாரு இது, கோழியை அவுத்து விட்ட மாதிரி வருது?"ன்னு கேட்டுட்டா. பந்தியே கொல்லுன்னு சிரிச்சுச்சு. செங்கமலத்துக்கு இலையில இருந்தது ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல, கண்ணுல தண்ணி. பாயசம் கூடச் சாப்பிடாம எழுந்து வந்துட்டா.

"பாயசம் கூடவா?"

பாயசம் கூடத்தான். வீட்டுக்கு வந்து புருஷன்கிட்ட சொன்னா: "பாரு, இந்த ஊர்ல பாந்தமான பொம்பளை யாருன்னு கேட்டா எல்லாரும் என் பேரைத்தான் சொல்லணும்." மருதமுத்து, "சரி, சொல்லட்டும்"னான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்!

அப்புறம் என்ன பண்ணினா, முதல்ல நடையைப் பழகினா. தலையில ஒரு சொம்பு நிறையத் தண்ணி வெச்சுக்கிட்டு கொல்லைப்புறத்துல நடந்தா. டமார்! சொம்பு கீழே. மறுபடி வெச்சா. டமார்! நனைஞ்ச கோழி மாதிரி ஆயிட்டா. விடல. கடைசியில ஒரு சொட்டு தளும்பாம மெதுமெதுவா நடக்க வந்துடுச்சு.

அப்புறம் சிரிப்பு. வாயை இறுக்கி மூடிக்கிட்டு, சிரிப்பு வந்தா தொண்டையிலயே முழுங்கிடுவா. க்ளுக்! அவ்வளவுதான் வெளிய கேக்கும். சில நாள் முழுங்கின சிரிப்பு விக்கலா வந்து ராத்திரி பூரா தொல்லை பண்ணும். விக், விக்!

அப்புறம் புடவை. கஞ்சி போட்டு, மடிச்சு, கொசுவத்தை ஓலைச் சுவடி மாதிரி அடுக்கிக் கட்டினா. நடந்தா சரக் சரக்குனு சத்தம். ஆனா கட்டினா உக்கார முடியாது, உக்காந்தா கசங்கிடுமே! நின்னுக்கிட்டே இருப்பா.

கொஞ்ச நாள்ல பேரு வந்துடுச்சு. பக்கத்து ஊர், அதுக்கு அடுத்த ஊர் எல்லாம், "செங்கமலம்னு ஒருத்தி, அடேயப்பா, என்ன பாந்தம்!"னு பேச்சு.

சந்தோஷமா இருந்தாளான்னு கேளு.

"சந்தோஷமா இருந்தாளா?"

அதுதான் இல்ல. தெருவுல பொம்பளைங்க காலை நீட்டிக்கிட்டு மொச்சை உரிச்சுக்கிட்டு, ஊர்க்கதை பேசிக்கிட்டு இருப்பாங்க. இவ சரக் சரக்குனு வருவா. உடனே எல்லாரும் காலை மடக்கிக்குவாங்க. ஒருத்தி கிழிஞ்ச முந்தானையை மறைச்சுக்குவா. பேச்சு கப்புனு நின்னுடும். "வாங்க"ன்னு எழுந்து நிப்பாங்க, இவ போனப்புறம்தான் மூச்சு விடுவாங்க. பிள்ளைங்க இவளைக் கண்டா கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஓடிடுங்க.

ஒருநாள் மருதமுத்து தட்டுல ஊத்தின ரசத்தைத் தொடாம உக்காந்திருந்தான். "ஏன் ரசத்தைக் குடிக்கல?"ன்னு கேட்டா. அவன் சொன்னான், "நீ இப்படி நின்னு பாத்தா எனக்குப் பயமா இருக்கு செங்கமலம். உறிஞ்சலாமா, கூடாதா?"

அவளுக்கு மனசுல சுருக்குன்னுச்சு. ஆனா என்ன பண்றதுன்னு தெரியல.

அப்போ ஆடிப் பெருக்கு வந்துச்சு. காவேரி நுங்கும் நுரையுமா ஓடுது. முதல் நாள் மழை வேற, கரைச்சரிவு பூரா ஒரே சேறு. ஊரே தட்டுத் தட்டா சோறு எடுத்துக்கிட்டு ஆத்துக்குக் கிளம்பிடுச்சு. செங்கமலம் மாம்பழ நிறத்துல பட்டு கட்டிக்கிட்டு, ஒரு சுருக்கம் இல்லாம, கையில தேங்காய்ச்சோத்துத் தட்டோட மெதுமெதுவா வந்தா.

அவளுக்கு முன்னால அஞ்சுகம்னு ஒரு புதுப்பொண்ணு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து அன்னிக்குத்தான் முதல் தடவையா எல்லார் முன்னாலயும் வர்றா. விடியறதுக்கு முன்ன எழுந்து தானே செஞ்ச புளிச்சோறு தட்டுல. காலை எடுத்துச் சரிவுல வெச்சா பாரு...

சர்ர்ர்ர்... தொபுக்!

விழுந்துட்டா! தட்டு கிணுகிணுகிணுன்னு உருண்டு ஓடிடுச்சு. புளிச்சோறு தலையெல்லாம். சேறு மூக்கு வரைக்கும்.

எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. எங்கயோ ஒருத்தி க்ளுக்குன்னா. இன்னொருத்தன் வாயைப் பொத்தினான். அந்தப் பொண்ணு நிமிர்ந்து பாத்தா. உதடு துடிக்குது. சரிவுக்கு மேல நின்ன செங்கமலத்துக்கு அந்த உதடுதான் கண்ணுல பட்டுச்சு. இன்னும் ஒரு நிமிஷம் விட்டா ஊரே கொல்லுன்னு சிரிக்கும், இந்தப் பொண்ணு இந்த ஆத்தங்கரைப் பக்கமே இனிமே வராது. அது அவளுக்கு நல்லாத் தெரியும்.

என்ன பண்ணினா தெரியுமா? பின்னால இன்னொரு தட்டோட வந்த புருஷன் கையில தன் தட்டையும் குடுத்தா. பட்டுப் புடவையை முழங்காலுக்குத் தூக்கினா. சரிவுல உக்காந்தா. ஒரு தள்ளு!

சர்ர்ர்ர்ர்... தொபுக்!

நேரா அஞ்சுகம் பக்கத்துல போய் விழுந்தா. சேறு தெறிச்சு ரெண்டு பேர் மூஞ்சியும் ஒண்ணாயிடுச்சு.

"கொஞ்சம் தள்ளி உக்காரு அஞ்சுகம்"னா. "நீயே எடத்தையெல்லாம் புடிச்சுக்கிட்டா எப்படி?"

அந்தப் பொண்ணு முழிச்சா. செங்கமலம் அவ தலையில ஒட்டியிருந்த புளிச்சோத்தை ரெண்டு விரலால எடுத்து வாயில போட்டா. "அட! உப்பும் ஒறைப்பும் அளவா இருக்கே. யாரு செஞ்சது?"

"நா... நான்தான்க்கா."

"இனிமே வருஷா வருஷம் நீதான் செய்யணும். ஆனா தட்டுல கொண்டு வா, தலையில வேண்டாம்."

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதைப் பாத்து செங்கமலத்துக்கும் வந்துச்சு. முழுங்கப் பாத்தா, முடியல. எத்தனை நாள் சிரிப்பு உள்ளே கிடக்குது! கெக்கெக்கெக்கே! எதிர்க்கரையில இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க.

அப்புறம் யாரால சும்மா நிக்க முடியும்? பிள்ளைங்க சர்ர்ர் தொபுக். பொம்பளைங்க சர்ர்ர் தொபுக். மருதமுத்து ரெண்டு தட்டையும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சர்ர்ர்... ஒரு பருக்கை சிந்தல! யாரு விழுந்தா, யாரு குதிச்சான்னு யாருக்கும் ஞாபகம் இல்ல.

"புடவை என்னாச்சு?"

ஆத்துல அலசினா. ஓரத்துல ஒரு கறை நின்னுடுச்சு. நின்னா நிக்கட்டும்னு விட்டுட்டா. நீ கேளு.

சாயங்காலம் ஒரு வளையல்காரர் அந்தப் பக்கம் வந்தார். அஞ்சுகத்தைக் கூப்பிட்டு, "ஏம்மா, இந்த ஊர்ல ரொம்பப் பாந்தமான பொம்பளை ஒருத்தி இருக்காங்களாமே, ஊரு ஊரா பேசிக்கிறாங்க. யாரு?"ன்னு கேட்டார்.

அஞ்சுகம் கையைக் காட்டினா. "அதோ."

"கேலி பண்ணாத தாயி. அங்க தலை கலைஞ்சு, சேறு காஞ்சு போய் ஒரு அம்மாதானே உக்காந்திருக்கு?"

"அவங்கதான்."

வளையல்காரர் நின்னு பாத்தார். செங்கமலத்தைச் சுத்திப் பொம்பளைங்க காலை நீட்டி உக்காந்திருக்காங்க. ஒரு சின்னப் பய சேத்துக் கையோட அவ தோள்ல தொங்குறான். மருதமுத்து பக்கத்துல உக்காந்து ரசத்தை சர்ருன்னு உறிஞ்சுறான். அவ எல்லாருக்கும் சோறு போட்டுக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் சாப்பிடு, ஒண்ணுக்கும் வெக்கப்படாத"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. வழியில போற இவரையும் பாத்து, "அண்ணே, ஏன் நிக்கிறீங்க, வந்து உக்காருங்க"ன்னா.

அவர் பெட்டியை இறக்கி வெச்சார். அஞ்சுகத்தைப் பாத்து மெதுவா சொன்னார், "சொன்னவங்க எல்லாம் குறைச்சுல்ல சொல்லியிருக்காங்க!"

"..."

ம் சொல்லல. சரி, சரி. கதை கரையேறிடுச்சு, காவேரி கடலுக்குப் போயிடுச்சு. நீ காலை நல்லா நீட்டித் தூங்கு, தங்கம்.