கெண்டையின் வாலில் ஒட்டிய மை

அந்தக் காலத்தில் ஆற்று மீனுக்கும் மனுசருக்கும் ஒரே பேச்சுதான். கெண்டைகளுக்கு அப்போது வாலருகே கரும்புள்ளி கிடையாது, உடம்பெல்லாம் வெறும் வெள்ளி. மனசு வந்தால் ஓடும், வராவிட்டால் கல்லடியில் சும்மா கிடக்கும்.

ஆற்றங்கரை ஊரில் ஆவுடை என்றொருத்தி இருந்தாள். விளக்குப் புகையைப் பிடித்துக் கண்மை செய்வது அவள் தொழில். எத்தனை கழுவினாலும் விரல்நுனி கறுப்புதான். அவளுடைய ஒரே மகள் வடிவுக்கு ஏழு வயதில் காய்ச்சல் கண்டு, கால் இரண்டும் விளங்காமல் போயின. தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று கூப்பிடும். ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் மகள் மனசு உடைந்துபோகும் என்று ஆவுடை கதவைச் சாத்திவிடுவாள். வடிவு நாளுக்கு நாள் சோற்றைக் குறைத்தாள். கடைசியில் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பெற்ற மனம் கேட்குமா? ஆவுடை பித்தளைத் தவலையோடு ஆற்றில் இறங்கினாள்.

"எம் பிள்ளைக்குத் துணையா உங்கள்ல ஒருத்தி வருவாளா?"

"வந்தா எல்லாரும் வருவோம்க்கா. ஒத்தையா இருந்து எங்களுக்குப் பழக்கமில்லையே" என்றன கெண்டைகள்.

கூட்டமாக வந்தால் இதுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு திரியும், என் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தாள் ஆவுடை. காலருகே நின்ற ஒரு சின்னக் கெண்டையை மட்டும் அள்ளிக்கொண்டு கரையேறிவிட்டாள். மற்றவை கத்தியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வீட்டுக்கு வந்த மீன் இரண்டு நாள் தவலையின் அடியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் ஆவுடை தவலையைப் புளி போட்டுத் தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். பளபளத்த உள்சுவரில் இன்னொரு கெண்டை தெரிந்தது.

"வந்துட்டியா!" என்று மீன் பாய்ந்தது. இது ஓட அதுவும் ஓடியது. வடிவு கைகொட்டிச் சிரித்துவிட்டு, "அம்மா, பசிக்கு" என்றாள். ஆவுடைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதிலிருந்து தினமும் புளிபோட்டுத் தேய்த்தாள். பாவம், அவளுக்கு வேறென்ன தெரியும்?

ஒருநாள் சோற்றுப் பருக்கை போடும்போது வடிவு பார்த்தாள். மீனின் வாயெல்லாம் காயம்.

"சுவத்துல போய் ஏன் முட்டுதே?"

"அவகிட்டப் போகணும்லா. நான் ஓடினா ஓடுதா, நின்னா நிக்கா. கூப்பிட்டா மட்டும் பதில் சொல்லமாட்டேங்கா. எம்மேல என்ன கோவம்னு நீயாவது கேட்டுச் சொல்லேன்."

வடிவு அம்மாவைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று ஆவுடை கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அங்க யாரும் இல்ல. அது நீதான்" என்றாள் வடிவு. "எங்கிட்டயும் யாரும் வரல."

கெண்டை அப்படியே நின்றது. பிறகு அது ஓடவே இல்லை. மறுநாள் காலையில் செத்து மிதந்தது.

ஆவுடை அழுதுகொண்டே அதை வாலைப் பிடித்துத் தூக்கி ஆற்றில் விட்டாள். அவள் விரல் பட்ட இடத்தில் மை ஒட்டியிருந்தது. கூட்டம் முழுக்கச் சுற்றி வந்து அந்த மையைப் பார்த்தது.

"ஒத்தையில போயிட்டாளே. இனி நம்மள்ல ஒருத்தியும் இப்படிப் போகக்கூடாது" என்றது மூத்த கெண்டை.

ஒவ்வொரு மீனாக வந்து ஆவுடையின் விரலில் வாலை உரசிக்கொண்டது. முன்னால் போகிறவளின் மையைப் பின்னால் வருகிறவள் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும், நின்றால் தவறவிட்டுவிடுவோம் என்று பேசிவைத்துக்கொண்டு ஓடின. மனுசரிடம் அவை பேசிய கடைசி நாள் அதுதான்.

ஆவுடை வீட்டுக்குப் போய்க் கதவை அகலத் திறந்துவைத்தாள். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வடிவு அவர்களோடு சாப்பிட்டாள், சிரித்தாள். அம்மாவோடு மட்டும் வெகுநாள் பேசவில்லை.

அன்று முதல்தான் கெண்டையின் வாலருகே அந்த மைப்பொட்டு, நிற்காத அந்த ஓட்டம். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறவர்கள் ஆறேழாகச் சேர்த்தே விடுவதும் அதனால்தான். ஒன்றை மட்டும் விட்டால், அது கண்ணாடியில் முட்டி முட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.