கறையான் பானை

மேலக்கரை ஜமீனில் கோழி வளர்த்த மாடத்திக்கு வாய் கொஞ்சம் நீளம். சாணியும் வைக்கோலும் அடைத்த பானையைக் கொல்லையில் கவிழ்த்து வைத்து, அதில் ஏறுகிற கறையானை விடிந்ததும் குஞ்சுகளுக்குத் தட்டிவிடுவாள்.

சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிற நாளில்தானா ஜமீன்தார் விசயரங்கர் அதைப் பார்க்க வேண்டும்!

"என் அரண்மனையில் பூச்சியா? உடை அந்தப் பானையை! இனிமேல் பூச்சி சம்பந்தப்பட்ட எதுவும் இந்த வாசற்படி தாண்டக் கூடாது. தாண்டினால் உனக்கு இங்கே வேலை இல்லை."

"உத்தரவு எசமான்" என்று பானையை உடைத்துவிட்டு, மாடத்தி வாசற்படியிலேயே காவலுக்கு நின்றுகொண்டாள்.

பகலில் சம்பந்திகள் பந்தியில் உட்கார்ந்தார்கள். இலையில் வெறும் சோறும் உப்பும்தான் விழுந்தன.

"கோழிக்குழம்பு எங்கே?" என்று உறுமினார் ஜமீன்தார்.

"கறையான் தின்னு வளர்ந்த கோழி எசமான். படி தாண்ட விடலை."

"மீன்?"

"அது புழுப்பூச்சி தின்னது."

"பூசணிக்காய்க் கூட்டுமா இல்லை?"

"தேனீ வந்து உட்காராம பூசணி எங்கே எசமான் காய்க்கும்?"

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜமீன்தார் மீசை துடிக்க எழுந்து நின்றார்.

"அப்படியென்றால் இந்த வீட்டில் இன்னும் எதைத்தான் விட்டுவைத்திருக்கிறாய்?"

மாடத்தி அவர் கட்டியிருந்த பட்டு வேட்டியைப் பணிவோடு பார்த்தாள்.

"இது ஒண்ணுதான் பாக்கி எசமான். இதுவும் புழு கட்டின கூட்டிலிருந்து எடுத்த நூல்தானே? அவுத்துக் கொடுத்தீங்கன்னா வெளியே போட்டுட்டு வந்துடுறேன்."

ஜமீன்தார் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினார்:

"சமையல்கட்டிலிருந்தே ஒரு பானையை எடுத்துக் கவுத்து வை, போ!"