கரையாத மாத்திரை

"அம்மா, இந்த மாத்திரை என்னை ஏமாத்துது" என்று வந்து நின்றார் மாசிலாமணி.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மடத்தின் திறந்தவெளிச் சிவலிங்கத்துக்கு மேலே தாராப் பாத்திரம் தொங்கியது. அதன் அடியிலிருந்த பொடித் துளை வழியாக நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும்.

காலையில் ஏணி ஏறி அதை நிரப்புவது மாசிலாமணியின் வேலை. வலிப்பு வந்து லாரி ஓட்டுவதை விட்டவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். மறுபடி விழுந்தால் அதுவும் போய்விடும்.

குரு வேதவல்லி அவரைவிட வயதில் சின்னவர்.

"என்ன ஏமாத்துச்சு, சொல்லுங்க."

மாசிலாமணி இடுப்பிலிருந்து ஒரு வாழையிலைத் துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மாத்திரை. நன்றாகக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தார்.

"முழுங்குனது அப்படியே வெளிய வந்திருக்கு. கரையவே இல்ல. இத்தனை நாளா நான் தின்னது வெறும் கல்லு."

"இத்தனை நாள்ல வலிப்பு வந்துச்சா?"

"வரல. அது உங்க ஆசீர்வாதம்."

வேதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அதுக்கு என்ன பண்ணீங்க?"

"நம்ம வழக்கப்படிதான். நேத்து கல்வத்துல போட்டு நுணுக்கி, தேன்ல குழைச்சுச் சாப்பிட்டேன்."

அந்த மடத்தில் எந்த மருந்தும் அரைபடாமல் தொண்டைக்குள் இறங்கியதில்லை.

"அப்புறம்?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"கொஞ்ச நேரத்துல தலை சுத்திருச்சு. லிங்கம் ரெண்டாத் தெரிஞ்சுது. விடியறதுக்குள்ள கை வெட்டி இழுக்குது. பயந்துட்டேம்மா."

"டாக்டர் என்ன சொல்லியிருந்தாரு?"

"உடைக்காம முழுசா முழுங்கச் சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல."

வேதவல்லி எழுந்தார். தாமே ஏணியில் ஏறினார். நிறைந்திருந்த பாத்திரத்தைக் கழற்றி, லிங்கத்தின் மேல் ஒரேயடியாகக் கவிழ்த்தார்.

மாசிலாமணி பதறிப்போனார். "அம்மா, அது பொழுது சாயற வரைக்கும் சொட்ட வேண்டிய தண்ணி."

"மொத்தமும் ஊத்தியாச்சே. போதாதா?"

இருவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். ஈரம் அவர்கள் கண்முன்னே சுருங்கியது. வேதவல்லி அவர் கையைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்தார். சுட்டது.

காலிப் பாத்திரத்தை மாசிலாமணியின் மடியில் வைத்தார்.

"தினமும் சாயங்காலம் நீங்க இறக்கும்போது இது கரைஞ்சு போயிருக்குமா?"

"அதெப்படிக் கரையும்? அப்படியேதான் இருக்கும். உள்ள தண்ணிதான்..."

மாசிலாமணியின் விரல் பாத்திரத்தின் துளையைத் தடவியது.

இலையிலிருந்த மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில், ஊசிமுனை பட்டதுபோல் ஒரு துளை. நகத்தால் அழுத்தினார். வெறும் கூடு. உள்ளே மருந்து இல்லை.

"ஒரு சொட்டு பாக்கி வைக்காம எனக்கே குடுத்துட்டு வந்திருக்கு" என்றார். "இதைப் போயி கல்லுன்னு திட்டினேனே."

"மொதல்ல டாக்டரைப் போய்ப் பாருங்க. நேத்துப் பண்ணதை மறைக்காம சொல்லுங்க. அவர் சரின்னு சொன்னப்புறம்தான் ஏணி."

மாசிலாமணி காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. எந்த வழியாக வந்தது என்பதையும் மறந்து, அந்தக் கூட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டிருந்தார்.