பேட்டரியைக் குடித்தவர்

"தாயே, பொன்னுரங்கத்தை வெளியேற்றிவிட்டேன். தாங்கள் ஒப்புதல் தர வேண்டும்" என்றார் வேதமூர்த்தி.

செங்கமலத் தாயார் ஒரு மாத யாத்திரையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். கால்களைக்கூட இன்னும் கழுவவில்லை.

"வாயிலுக்கு எதிரே தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அதற்காகவா?"

"ஆம். பேருந்துக்குக் காத்திருக்கிறார்."

"என்ன செய்தார்?"

"மடத்து ஜீப்பின் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார்."

வேதமூர்த்தி வயதில் தாயாருக்கு மூத்தவர்; சீடர்களுள்ளும் மூத்தவர். மடத்தின் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும். எதையும் அளந்து பேசுகிறவர் அன்று கொட்டித் தீர்த்தார்.

"விடியலில் மேல்காட்டிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு கொண்டுவந்தார்கள். சாவியைத் திருகினேன். 'டக்' என்றது. அவ்வளவுதான். டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில், பாறைமேல் பிரசவம். குழந்தை வெகுநேரம் அழவே இல்லையாம்."

"இப்போது?"

"இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். மயிரிழையில்."

தாயார் கண்களை மூடித் திறந்தார்.

"பேட்டரி பழையதோ?"

"புதியது, தாயே. டைனமோவிலும் குறையில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வண்டி இரண்டு நாள் சும்மா நின்றால் போதும், பேட்டரி செத்துவிடுகிறது. நிற்கிற வண்டியில் யாரோ உட்கார்ந்து குடிக்கிறார்கள்."

"அது பொன்னுரங்கம்தான் என்று எப்படித் தெரிந்தது?"

"நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். இங்கு வந்தும் பாட்டை விட்டாரில்லை. வண்டியைத் துடைக்கிற சாக்கில் உள்ளே உட்கார்ந்து ரேடியோவைத் திருகுவார்."

"பார்த்தீர்களா?"

"பார்ப்பதற்காகவே வண்டிக்குள் ஒரு கேமரா பொருத்தினேன். சாவியை எடுத்த பிறகும் கண்மூடாத கேமரா."

"அதில் யார் தெரிந்தார்?"

"எவரும் தெரியவில்லை."

"பிறகு?"

"நாடகக்காரர் அல்லவா? கேமராவுக்குத் தப்பி நுழையக் கற்றிருப்பார். எனவே பின்புறமும் ஒன்று பொருத்தினேன்."

"அதன் பிறகு?"

"முன்னிலும் விரைவாகத் தீர்ந்தது. துணிச்சல் கூடிவிட்டது அவருக்கு."

தாயார் சிரிக்கவில்லை.

"இரு முனையிலும் கம்பி வைத்த சிறு பல்பு ஒன்று கொண்டுவாருங்கள்" என்றார்.

ஜீப் வாயிலருகே நின்றது. சாலைக்கு அப்பாலிருந்து பொன்னுரங்கம் குரல் கொடுத்தார்.

"என்ன சாமி, திருடன் அகப்பட்டானா? நான் இங்கதான் இருக்கேன். விலங்கு இருந்தா எடுத்துட்டு வாங்க."

வேதமூர்த்தி திரும்பவில்லை.

"அந்த ரேடியோவுல பாட்டு வந்து எந்தக் காலமோ ஆச்சு, சாமி. கொரகொரன்னு உங்க கொறட்டை மாதிரியே இருக்கும். அதைக் கேக்கவா நான் தூக்கத்தை விடுவேன்?"

தாயார் முன்மூடியைத் திறந்தார். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து கம்பியைக் கழற்றினார். கழற்றிய கம்பிக்கும் முனைக்கும் நடுவே பல்பைச் சேர்த்தார்.

துறவுக்கு முன் தாயார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மடத்தில் எவரும் கேட்டதில்லை.

"சாவி எங்கே?"

"என் இடுப்பில்."

"விளக்குகள்?"

"எல்லாம் அணைந்திருக்கின்றன."

"கதவுகள்?"

"சாத்தியிருக்கின்றன."

"உள்ளே யார் இருக்கிறார்?"

"யாரும் இல்லை, தாயே."

பல்பு எரிந்தது.

இஞ்சினைச் சுழற்ற வலுவில்லாத பேட்டரியில் மிஞ்சியிருந்த உயிர், அந்தக் கம்பிவழியே எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், வேதமூர்த்தியின் கண்ணெதிரே.

"பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். குடிப்பவருடைய பியூஸ் வரும்போது பல்பு அணையும்."

முதலில் ரேடியோவின் பியூஸைப் பிடுங்கினார். பல்பு அணையவில்லை. அவர் அதை மீண்டும் செருகி மீண்டும் பிடுங்கினார்.

"அது இல்லை. அடுத்ததைப் பாருங்கள்" என்றார் தாயார்.

முகப்பு விளக்கு. ஹாரன். துடைப்பான். மின்விசிறி. கடைசிப் பியூஸும் கைக்கு வந்தது.

பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"இனி ஒன்றும் இல்லையே, தாயே."

"பேட்டரியிலிருந்து நேராகப் புறப்படும் கம்பி ஒன்று இருக்கிறது. மிக நேர்த்தியாகத் தைத்திருக்கிறார்கள். யார் வேலை?"

வேதமூர்த்தி அந்தக் கம்பியைப் பார்த்தார். பியூஸ்பெட்டிக்குப் போகாமல், கூரைத் துணிக்குள் நுழைந்து, எவர் கண்ணுக்கும் படாமல் முன் கேமராவுக்கும் அங்கிருந்து பின் கேமராவுக்கும் ஓடிய கம்பி. ஒவ்வொரு தையலும் அவர் கை போட்டது.

பேட்டரி முனையிலிருந்து அதை மெல்ல இழுத்தார்.

பல்பு அணைந்தது.

சற்று நேரம் அவருக்கு வண்டி தெரியவில்லை. பாறைமேல் அழாமல் கிடந்த ஒரு குழந்தை மட்டும் தெரிந்தது.

எதிர்ப்புறத்தில் பொன்னுரங்கம் ஏதோ பழைய மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வேதமூர்த்தி நீரில் மூழ்குபவரைப் போல ஒரு கிளையைப் பற்றினார்.

"ஆனால் முதல்முறை, தாயே. தாங்கள் யாத்திரைக்குப் புறப்பட்ட அன்று காலையும் வண்டி கிளம்பவில்லை. அப்போது கேமரா கிடையாது. அன்று குடித்தவர் ஒருவர் இருக்கத்தானே வேண்டும்?"

"இருக்க வேண்டும்."

"அது அவராக..."

"முந்தின நாள் மாலை அந்த வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியவள் நான். நல்ல மழை. கை நிறைய மூட்டை. கதவு சரியாகச் சாத்தாவிட்டால் உள்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சாத்தினேனா? எனக்கு நினைவில்லை."

வேதமூர்த்தி கையிலிருந்த கம்பியைச் சுருட்டினார்.

"மடத்தில் எல்லாரையும் விசாரித்திருப்பீர்களே" என்றார் தாயார். "சமையல்காரரை, தோட்டக்காரரை, ஊமைப் பாட்டையாவைக்கூட."

"தங்களை நான் எப்படிக் கேட்பேன், தாயே?"

தாயார் கையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். இன்னும் அவிழ்க்காத யாத்திரைப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். சாலையைக் கடந்து, பொன்னுரங்கத்தின் அருகே போய் நின்றார்.

பொன்னுரங்கம் பதறி எழுந்தார். "தாயே, நீங்க எங்க?"

"இந்தப் பேருந்து எதுவரை போகும்?"

"அரூர் வரைக்கும் போவும்."

"போதும். பேட்டரியைத் தீர்த்தவர் வெளியேற வேண்டும் அல்லவா?"

வேதமூர்த்தி பின்னாலேயே ஓடிவந்தார். மேல்துண்டு நழுவி வாயிலிலேயே விழுந்துவிட்டது. பேச வாயெடுப்பதற்குள் வளைவில் பேருந்து தெரிந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

நடத்துநர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாருங்க ஏறுறது? சட்டுனு சொல்லுங்க."

தாயார் வேதமூர்த்தியின் பக்கம் கையை நீட்டினார்.

"அவர் சொல்வார்."